இறுதி ஊர்வலத்துக்கு மூங்கில் பின்னல் பெட்டி: தேர்வு செய்வது எப்படி?

வீட்டில் ஒரு பெரியவர் கண்மூடிவிட்டால் பாடையா, பெட்டியா, எங்கே வாங்குவது என்பதை ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் விலை பேச யாருக்கும் மனம் வராது. பளபளப்பான பிளைவுட் பெட்டியைக் கைமாற்று வாங்கியாவது எடுத்து வந்துவிடுகிறோம். சில மணி நேரத்தில் மண்ணுக்குள் போகும் பொருளுக்காக வாங்கிய அந்தக் கடன், அறுவடை வரை கூட வரும். இதற்கு வேண்டிய மூங்கில், கீற்று, நார் எல்லாம் சிறு விவசாயியின் வரப்பில் விளைபவை. ஆகவே அமங்கலம் என்று தள்ளாமல் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

பின்னிய படுக்கையில் அனுப்பி வைப்பது நமக்குப் புதிதன்று. பச்சை மூங்கில் இரண்டை நீளவாக்கில் வைத்து, குறுக்குக் கம்பு கட்டி, பச்சைத் தென்னங்கீற்றை முடைந்து விரித்த பாடை அதுதானே! இப்போது அதில் நைலான் கயிறும் தெர்மோகோலும் பிளாஸ்டிக் பூவும் சேர்ந்துவிட்டன. தேங்காய் நார்க் கயிறும் வைக்கோல் புரியும் இதற்குப் போதும். (பாடை மூங்கிலைச் சிதையில் வைக்கக் கூடாது என்பார்கள். பச்சை மூங்கிலைத் தீயிலிட்டால் கணுவிடையில் அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறி வெடிக்கும்; அனுபவசாலிகள் சொன்ன பேச்சு அது.)

இஸ்லாமிய அன்பர்கள் துணியில் சுற்றி அடக்கம் செய்வதால் பெட்டி பற்றிய கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. பெட்டியில் வைத்து அடக்கம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள் தாம்பரம், மாடம்பாக்கம் வட்டாரத்தில் நிறைய உண்டு. நகரை ஒட்டிய ஊர்களில் கல்லறைக்கு இடம் குறைவு. ஒரு குடும்பத்தின் கல்லறையைச் சில ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்துக்காகத் திறக்க நேருகிறது. அப்போது பெட்டி மக்கியிருக்க வேண்டும். பிளைவுட்டை ஒட்டப் பயன்படுவது பெரும்பாலும் பார்மால்டிஹைடு பிசின். அதன்மேல் வார்னிஷ், மைக்கா, இரும்புத் திருகாணி. இவை எளிதில் மண்ணோடு சேர்வதில்லை. பதப்படுத்தாத மூங்கிலோ மண் பட்டால் ஓரிரு ஆண்டுகளில் இற்றுவிடும். புடலைப் பந்தலுக்கு மூங்கில் கால் நட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் கார்லைல் நகரில் 1993-இல் மரத்தோப்பு இடுகாடு ஒன்று திறக்கப்பட்டது. மக்கும் பெட்டியில் அடக்கம் செய்து, மேலே மரக்கன்று நடுவார்கள். அந்நாட்டின் சாமர்செட் பகுதி விவசாயிகள் கூடை முடைவதற்காக 'வில்லோ' என்ற செடியைப் பயிரிட்டு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அறுக்கிறவர்கள். பிளாஸ்டிக் வந்து கூடைத் தொழில் நலிந்தது. இன்று அந்த வில்லோ குச்சியில் பின்னிய சவப்பெட்டிக்கு நல்ல கிராக்கி. வில்லோவின் இடத்தில் நமக்கு மூங்கில் இருக்கிறது.

பெட்டியைத் தேர்வு செய்யும்போது முதலில் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. நீளவாக்கில் இரண்டு முற்றிய கழிகளும், அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டமும் இருக்க வேண்டும். தூக்கும் கயிறு பக்கப் பின்னலில் முடியப்பட்டிருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். கயிறு அடிச்சட்டத்தின் கீழே சுற்றி வர வேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை இரண்டை உள்ளே வைத்து நான்கு பேர் தூக்கி நடந்து பார்த்துவிடலாம். நாலு பேர் முன்னிலையில் அடி விடுவதைவிட இந்தச் சோதனை மேல். நீளம் ஆறடிக்குச் சற்றுக் கூடுதலாகவும் அகலம் இரண்டடியாகவும் இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

நீர்க்கசிவைத் தாங்க, உலர்ந்த தென்னை நார்க்கழிவை ஓர் அங்குல கனத்துக்குப் பரப்பி, மேலே கோரைப்பாய் விரிக்கவும். நார்க்கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சும். உடல் குளிர்ப்பெட்டியில் இருக்கும்வரை பின்னல் பெட்டி தனியே உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். போர்த்துவதற்கு வாழைநார்த் துணி வேண்டுவோர் வெகுதூரம் போக வேண்டாம். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரில் புடவையே நெய்து பெயர் பெற்றவர்கள்.

முடைபவரிடம் சொல்லிச் செய்வதானால் மூங்கிலின் வயது முக்கியம். பட்டை பிளந்து பின்ன ஒன்று முதல் இரண்டு வயதுக் கழி. சட்டத்துக்கு மூன்று வயதுக்கு மேற்பட்டது. இளங்கழியில் வெண்மாவு படிந்திருக்கும், கணுவில் உறை ஒட்டியிருக்கும். முற்றிய கழியின் பச்சை மங்கி, மேலே பாசித் திட்டு காணும். தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். வெட்டிய மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை நாடித் துளைப்பான் வண்டு வரும். மூன்று, நான்கு வாரம் நீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால் தாக்குதல் வெகுவாகக் குறையும். தண்ணீர் நாறும், ஆதலால் ஊர் ஏரியை விட்டுவிட்டுப் பண்ணைக்குட்டையைப் பயன்படுத்தவும். மண்ணுக்குள் போகும் பெட்டிக்கு இரசாயனப் பூச்சு எதுவும் தேவையில்லை. அவசரத்தில் முடைய முடியாது என்பதால் சபையோ ஊர்ப் பொதுவிலோ இரண்டு பெட்டிகளை ஆயத்தமாக வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. அடியில் மஞ்சள் தூள் உதிர்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து வரவும்.

மாடம்பாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. விளைநிலம் மனையாகி வருகிறது. மிச்சமுள்ள வரப்பில் 15 அடிக்கு ஒரு புதர் வைத்தாலும் நான்கு, ஐந்து ஆண்டில் கழி வெட்டத் தொடங்கலாம். வறண்ட, சரளை மண்ணுக்குக் கல்மூங்கில் ஏற்றது. ஏறத்தாழ உள்துளை இல்லாதது, பாடைக்கும் சட்டத்துக்கும் உறுதி. முள் மூங்கில் பிளந்து பின்ன உதவும், ஆனால் வீட்டை விட்டுத் தள்ளி நடவும். மழைக்காலத்தில் குருத்து விடும்போது வெட்டலாகாது. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தப்படி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரக் கணக்கில் வராது. ஆகவே பட்டா நிலத்து மூங்கிலை வெட்ட அச்சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டியதில்லை. நாற்று பற்றிய விவரங்களுக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையோ அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகவும்.