லூகோவில் இன்னொரு நாள்

ஸ்பெயினின் வடக்கே ஓவியெதோவிலிருந்து சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடந்துபோகிறவர்களில் பலருக்கு லூகோ நகரம் ஒரு இரவுப் படுக்கை, அவ்வளவுதான். மாலையில் வந்து சேர்ந்து, துணி துவைத்து, கொப்புளத்துக்குக் கட்டுப்போட்டுப் படுத்து, விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வழியில் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே ஒரு ஓய்வுநாள்தான் எடுக்க முடியும் என்றால் அதை லூகோவுக்குக் கொடுங்கள்.

இந்த வழிக்குக் கமீனோ ப்ரிமிதீவோ என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் அஸ்தூரியாஸ் மன்னர் இரண்டாம் அல்ஃபோன்ஸோ சந்தியாகோவில் உள்ள புனித யாகப்பரின் கல்லறையைப் பார்க்கப் போன வழி இதுதான் என்பது மரபு. மொத்தம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். முதல் பாதி முழுக்க மலை. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம்பார்க்கும். லூகோ வரும்போது மலை முடிந்திருக்கும், இன்னும் 100 கிலோமீட்டர் சொச்சம் மிச்சம் இருக்கும். முந்தைய கட்டம் ஓ காதவோவிலிருந்து 30 கிலோமீட்டர். அதை நடந்து முடித்த கால் அடுத்த நாள் சும்மா இருக்க விரும்புகிறது என்பதும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்.

ஆனால் முதல் காரணம் மதில். 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானியர் கட்டியது. சுற்றளவு 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உயரம் 8 முதல் 12 மீட்டர். ஐரோப்பாவில் மதில் மிச்சமிருக்கும் ஊர்கள் பல உண்டு. பெரும்பாலும் அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு வாசல் என்று நிற்கும். இங்கே சுற்று எங்குமே அறுபடவில்லை. 71 கோபுரங்கள் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வாசல்கள் பத்து. அவற்றில் ஐந்து ரோமானியர் காலத்து இடங்களில் இருப்பவை. மற்ற ஐந்தும் 1853க்குப் பிறகு, ஊர் பெருத்துப் போக்குவரத்துக்கு வழி போதாமல் உடைத்துத் திறந்தவை. யாத்திரிகர்கள் சான் பேத்ரோ வாசல் வழியாக நுழைந்து, பேராலயத்துக்கு எதிரே உள்ள சந்தியாகோ வாசல் வழியாக வெளியேறுவார்கள். பழைய உருக்குலையாத வாசலைப் பார்க்க வேண்டுமானால் சற்றுத் தள்ளி மின்யா வாசலுக்குப் போங்கள்.

மதில்மேல் ஏறக் கட்டணம் கிடையாது. மேலே சில இடங்களில் 7 மீட்டர் வரை அகலம். ஊர்க்காரர்கள் அங்கே ஓடுகிறார்கள், நாயை நடத்திப்போகிறார்கள், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வம்பு பேசுகிறார்கள். ஊருக்கே பொதுவான மொட்டைமாடி என்று சொல்லலாம். சுற்றிவர அரைமணி நேரம் போதும். நான் முதலில் காலையில் ஒரு சுற்று வந்தேன். மாலைச் சுற்றுதான் பிடித்தது. காலையில் கல் தெரிகிறது, மாலையில் ஊர் தெரிகிறது. மழை பெய்திருந்தால் படிகள் வழுக்கும். சந்தியாகோ வாசலருகே உள்ள சாய்தளத்தில் ஏறுவது உத்தமம்.

மாலை என்றால் எத்தனை மணி என்பதையும் சொல்லிவிட வேண்டும். லூகோ இருக்கும் கலீசியா மாநிலம் போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே, கடிகாரம் ஓடுவதோ பெர்லின் நேரப்படி. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெயில் இருக்கும். அக்டோபரில் காலை எட்டு மணிக்கும் வெயில் வந்திருக்காது, நெற்றிவிளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை கடைகள் சாத்தியிருக்கும். மருந்தோ காலுறையோ வாங்க வேண்டுமானால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மதிலுக்குள் பார்க்க வேண்டிய இடங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பேராலயத்துக்கு அருகே மித்ராஸ் தெய்வத்துக்கு ஒரு வழிபாட்டிடம் இருந்த ரோமானிய வீடு அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. மதில் கட்டியபோது குறுக்கே இருந்ததால் அந்த வீட்டின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளிவிட்டார்கள். சாலை விரிவாக்கத்துக்கு வீடு இழந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. அடுத்தது பேராலயமே. 1129இல் கட்டத் தொடங்கியது. பீடத்தில் நற்கருணை இரவும் பகலும் ஆராதனைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ‘பெரிய கண்களுடைய அன்னை’ என்ற பெயரில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம். முதுகுப்பையை விடுதியில் வைத்துவிட்டுப் போனால் நிதானமாக உட்கார முடியும்.

சாப்பாட்டுக்கு லூகோ பேர்போன ஊர். நோவா தெருவிலும் க்ரூஸ் தெருவிலும் மதுக்கடையில் எதைக் குடித்தாலும், வெறும் சோடாவானாலும், சிறு தட்டில் தின்ன ஏதாவது இலவசமாக வரும். ஆக்டோபஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: மரத்தட்டில் ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். சைவக்காரர்கள் ‘கால்தோ’ சூப்பில் கீரையும் உருளைக்கிழங்கும் மிதப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம், வழக்கமாக அதில் பன்றிக்கொழுப்பு இருக்கும். பாத்ரோன் மிளகாய் வறுவல், பாலாடைக்கட்டி, ரொட்டி போதும். முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால் கிடைப்பது அரிது.

தங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. மாநில அரசின் யாத்திரிகர் விடுதியில் முன்பதிவு இல்லை, உடம்பு சரியில்லாதவர் தவிர மற்றவர்களுக்கு ஓர் இரவு மட்டுமே இடம். எனவே இரண்டாம் இரவுக்குத் தனியார் விடுதியைச் சில நாள் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் கோடையிலும், அக்டோபர் தொடக்கத்தில் சான் ஃப்ரோய்லான் திருவிழாவின்போதும் அதிகம்.

லூகோவை விட்டால் மின்யோ ஆற்றின் ரோமானியப் பாலம், அப்புறம் சுமார் 20 கிலோமீட்டருக்குச் சின்னச் சின்ன ஊர்கள்தான். தேநீர்க்கடையை நம்பிப் போகாமல் தண்ணீரும் ரொட்டியும் கையோடு கொண்டுபோங்கள். மெலீதேயில், சந்தியாகோவுக்கே போகும் பிரெஞ்சு வழியோடு சேர்ந்ததும் கூட்டம் திடீரென்று பெருகும், அதுவரை கிடைத்த அமைதி அங்கே முடிந்தது. மலை வேண்டாம், கடைசி 100 கிலோமீட்டர் மட்டும் போதும் என்பவர்கள் லூகோவிலிருந்தே தொடங்கலாம். யாத்திரிகர் அட்டையில் முதல் முத்திரையைப் பேராலயத்திலேயே வாங்கிவிடுங்கள். அங்கிருந்து நாளுக்கு இரண்டு முத்திரை தேவை. நடுவில் ஒரு கட்டத்தைப் பேருந்தில் கடந்தால் சந்தியாகோவில் யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் கிடைக்காது.