கோடை மழை ஏன் ஊருக்குள் ஓடுகிறது?



ஜூன் மாதம் என்றால் நமக்கு வெயிலும் புதுப் புத்தகமும்தான். ஆனால் 2023 ஜூன் 18 ராத்திரி இடியோடு கொட்டித் தீர்த்தது. மீனம்பாக்கத்தில் 15 செ.மீ.க்கு மேல் பதிவானது. மறுநாள் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகளுக்கு லீவு. எங்க தெருவில் முழங்கால் தண்ணி. பக்கத்து வீட்டு ஆயாவின் ரேஷன் அரிசி முழுக்க நனைஞ்சு போச்சு. அவங்களுக்கு அந்த மாசம் அதுதான் சாப்பாடு.

புயலும் இல்லை, ஐப்பசியும் இல்லை. பின்னே எப்படி?

டி.வி.யில் "வெப்பச்சலனம் காரணமாக" என்று சொல்லுவாங்களே, அதுதான். பகலில் தரை சூடாகும். அதைத் தொட்ட காற்றும் சூடாகி மேலே எழும்பும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். மேற்குக் காற்றும் அதுவும் சந்திக்கிற இடத்தில் காற்று இன்னும் வேகமாக ஏறி, குளிர்ந்து, கார்முகிலாகும். சில நாள் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் உருவாகிற மேகம் ராத்திரியில் நம்ம பூந்தமல்லி, ஆவடிக்கு நகர்ந்து வரும்.

இப்போ ஒரு கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள ஒரு மொட்டை மாடியில் 15 செ.மீ. பெய்தால் 15,000 லிட்டர்! 15 லிட்டர் குடத்தில் 1,000 குடம். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிற நம்ம அம்மாக்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாங்க.

நானும் என் தோழியும் ஒரு சோதனை செய்தோம். வெயிலில் இறுகிப்போன மைதானத்தில் ஒரு மக் தண்ணி ஊற்றினோம், வழிந்து ஓடியது. வேப்பமரத்தடியில், சருகு மக்கின மண்ணில் ஊற்றினோம், உள்ளே இறங்கியது. சிமெண்ட் தரையைச் சொல்லவே வேண்டாம்.

பாலைவனத்திலும் வெள்ளம் வரும் என்றால் ஆச்சரியமாக இருக்கும். ராஜஸ்தான் பார்மர் மாவட்டத்தில் கவாஸ் என்ற ஊர் 2006 ஆகஸ்டில் மூழ்கியது. வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகமாக சில நாளிலேயே பெய்துவிட்டது. மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணி கீழே இறங்காமல் மாதக்கணக்கில் தேங்கி நின்றது. கம்பு விதைத்தவர்கள் பாவம்.

நம்ம பக்கம் ஜிப்சம் இல்லை, ஆனால் வழி அடைபட்டிருக்கிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அதுவும் நிரம்பினால் ரெட்டேரிக்கு. இப்படித் தண்ணிக்குக் கால்வாய் வெட்டி வைத்தாங்க நம்ம முன்னோர். எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற கால்வாயில் இப்போ பாதி குப்பை, மீதி செடி.

ஒண்ணு ரொம்ப முக்கியம். தெருவில் தண்ணி ஓடும்போது வடிகால் மூடி திறந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தம்பி தங்கச்சி கையைப் பிடிச்சுக்கோங்க. மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணுங்க. 3 விநாடிக்கு 1 கி.மீ. தூரம். கேட்டதுமே வீட்டுக்குள்ளே போயிடுங்க, மரத்தடி கூடாது.

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் வைத்திருக்கிறோம். மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்கேலோடு வாங்க. உங்க தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணி ஏறியது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் எழுதிக் கொண்டு வாங்க.