பனி ஏரிக்குப் போகும் தூண்டில்

அன்புள்ள விருத்தாசலம் வாசகருக்கு,

பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்துகிறவரிடமிருந்து தூண்டில் பற்றி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் உங்கள் மகன் குளிர்காலத்தில் சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார். ஒரே பருவத்தில் இரண்டு கோல்களை உடைத்துவிட்டார். "சென்னைக்கும் மதுரைக்கும் பொம்மையை உடையாமல் அனுப்புகிறீர்களே, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் அப்பா" என்று உங்களிடமே கேட்டிருக்கிறார். நீங்கள் அதை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். டொரன்டோ பக்கம் பிள்ளைகள் இருக்கும் வேறு வீடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

"இரண்டரை அடிக் குச்சியில் யாராவது மீன் பிடிப்பார்களா, அல்லது எனக்குப் புகைப்படத்தில் அளவு தெரியவில்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். அளவு சரிதான். திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்கள் ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் வைத்திருப்பார்கள். கரையில் நின்றுகொண்டு முள்ளைத் தள்ளிப் போட வேண்டும், அதனால் நீளம். உறைந்த ஏரியில் தள்ளிப் போடும் வேலையே இல்லை. பனிக்கட்டியின் மேலேயே நடந்து போய், துளைப்பானால் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டு, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நேராகக் கீழே நரம்பை இறக்குகிறார்கள். காலடியில் இருக்கும் ஓட்டைக்கு எட்டடிக் கோல் எதற்கு? கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் அது துணியில்தான் இடிக்கும். அதனால் பனித் தூண்டில் பெரும்பாலும் 60 முதல் 90 செ.மீ. வரைதான்.

நீளம் குறைந்தாலும் நுனியின் மென்மை குறையாது. குளிர்ந்த தண்ணீரில் மீனுக்குச் சோம்பல். சிம்கோவில் அதிகம் தேடப்படும் பெர்ச் மீன் இரையை இழுத்துக்கொண்டு ஓடாது. வாய் வைத்துப் பார்த்துவிட்டு விடும். அந்தத் தொடுதல் தெரிய வேண்டுமென்றால் கோலின் நுனி மிகவும் மெலிதாக இருக்க வேண்டும். சிலர் நுனியில் ஒரு சின்னக் கம்பிச் சுருளையும் பொருத்திக்கொள்கிறார்கள். நம்மூர்த் தக்கை செய்கிற வேலையை அது செய்கிறது. ஆக, உங்கள் மகன் கையில் இருப்பது குட்டையான, பிடி பருத்த, நுனி மெலிந்த ஒரு பொருள். உடைவதும் அநேகமாக அந்த நுனிதான்.

எங்கே உடைகிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். மீன் இழுத்து உடைந்தது என்பார். உண்மையில் கோல் அதற்கு முன்பே, வண்டியின் டிக்கியிலோ கதவு இடுக்கிலோ அடிபட்டிருக்கும். மீன் இழுத்தது கடைசி வேலையை மட்டும் முடித்து வைத்தது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டறையிலிருந்து முழுசாகப் போன கோப்பை, வாங்கியவர் வீட்டில் முதல் வெந்நீருக்கே பிளந்துவிட்டது என்று வரும் புகார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெந்நீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வழியில் விழுந்த கீறல்தான் காரணம்.

இதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. ஏ.ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது கண்ணாடி இழைகளை இழுத்து அறுத்துப் பார்த்தார். 1921ல் வெளியான அவர் கட்டுரை சொன்னது இதுதான்: கண்ணாடி, அது தாங்க வேண்டிய சுமையில் சிறு பங்கிலேயே உடைந்துவிடுவதற்குக் காரணம் அதில் ஏற்கெனவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழுவை முழுதும் கீறலின் முனையில் குவிகிறது. அப்போதுதான் இழுத்தெடுத்த மெல்லிய இழையோ வியக்கத்தக்க வலுவோடு இருந்தது. பீங்கானுக்கும் இதே கணக்குதான். தூண்டில் கோல் பிசினில் தோய்த்த கண்ணாடி இழையாலோ கார்பன் இழையாலோ ஆனது. இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் வளைத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு ஈயக் குண்டு ஓங்கி மோதினால் அந்த இடத்தில் இழைகள் உள்ளுக்குள் நொறுங்கும், வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. கார்பன் கோல் மீனின் அசைவை நன்றாகக் கைக்குக் கடத்தும், ஆனால் இந்த மோதலை மன்னிக்காது. கண்ணாடி இழைக் கோல் சற்று மந்தம், அடி தாங்கும். பொருளைத் தூக்கிப் போட்டே பழகிய ஆளுக்கு நான் கண்ணாடி இழையைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் தொழிலுக்கே வருகிறேன். அந்தக் கோலில் நரம்பு ஓடும் வளையங்கள் இருக்கின்றனவே, அவற்றின் உட்பக்கம் பீங்கான். தேநீர்க் கோப்பைப் பீங்கான் இல்லை. நல்ல கோல்களில் அலுமினியம் ஆக்சைடு, அதாவது அலுமினா; இன்னும் விலை கூடியவற்றில் சிலிகான் கார்பைடு. ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் இந்த வளையங்களுக்குப் பேர்போனது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணை உங்கள் ஊர்ப் பட்டறைகள் அறியும். அந்த மண்ணிலும் அலுமினா உண்டு, சிலிக்காவோடு சேர்ந்து. வளையத்தில் இருப்பது ஏறக்குறைய அலுமினா மட்டுமே, அதனால் உங்கள் சூளையைவிட அதிகச் சூட்டில், 1,500 பாகைக்கு மேல் சுட வேண்டியிருக்கும். உங்கள் ஊர் செராமிக் கல்லூரியில் படித்த பையன்களைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வெறும் உலோக வளையத்தில் பின்னல் நரம்பு ஓடி ஓடித் தடம் விழும். அந்தத் தடம் நரம்பை அறுக்கும். பீங்கானில் தடம் விழாது. ஆனால் பீங்கானுக்குரிய குறை இதற்கும் உண்டு. டிக்கியில் ஏதோ ஒன்று மோதி வளையத்தில் மயிரிழை விரிசல் விட்டால், அது கத்தி முனை. மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவர் நரம்பு மாற்றிக்கொண்டே இருப்பார், காரணம் வளையத்தில் இருக்கும்.

பொம்மையை விரல் கணுவால் தட்டி, ஓசையை வைத்து நல்லதையும் விரிசல் விட்டதையும் பிரிப்பீர்கள் அல்லவா? பட்டாணி அளவு வளையத்தை அப்படித் தட்ட முடியாது. கொஞ்சம் பஞ்சை வளையத்துக்குள் நுழைத்துச் சுற்றிச் சுற்றி இழுக்கச் சொல்லுங்கள். எங்கேயாவது ஒரு இழை மாட்டினால் அந்த வளையத்தை மாற்றிவிட வேண்டியதுதான். பருவம் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை இதைச் செய்தால் போதும். ஏரியில் இருக்கும்போது வளையத்தில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைக் கத்தி முனையால் நெம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள். ஓட்டைத் தண்ணீரில் நுனியைச் சற்று நேரம் முக்கினாலோ, விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாலோ இளகிவிடும்.

கொண்டுபோகும் விஷயத்தில் உங்கள் பட்டறைச் சட்டம் அப்படியே செல்லும். பொம்மை கீழே விழுந்து உடைவதைவிடப் பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசி உடைவதுதான் அதிகம், அதனால்தான் வைக்கோலைப் பொம்மைக்கு அடியில் மட்டும் போடாமல் நடுவில் திணிக்கிறோம் என்று எழுதியிருந்தீர்களே, அதேதான். ஒரு பைக்குள் நாலு கோலைச் சேர்த்துக் கட்டிப் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்கிற தவறு. ஒன்றின் ரீல் இன்னொன்றின் நுனியில் மோதிக்கொண்டே மணிக்கணக்கில் பயணம் போகும். ஏரியை அடைந்ததும் சறுக்குவண்டியில் ஏற்றி ஸ்னோமொபீலால் இழுப்பார்கள், அங்கே மேடும் பள்ளமும் குலுக்கும். ஒவ்வொரு கோலுக்கும் தனி அறை வேண்டும், பிடி ஒரு பக்கம் இறுகப் பிடிபட்டிருக்க வேண்டும், நுனி எதையும் தொடாமல் ஸ்பாஞ்சில் படுத்திருக்க வேண்டும். இப்படி அறை அறையாக வெட்டிய ஸ்பாஞ்ச் வைத்த கெட்டிப் பெட்டிகள் அங்கே கடையில் கிடைக்கின்றன. மூன்றாவது கோல் வாங்குவதற்கு முன் அந்தப் பெட்டியை வாங்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடிதத்திலேயே பணம் மிச்சம் பிடிக்கும் யோசனை அது ஒன்றுதான்.

பிவிசி குழாயை வெட்டி இரண்டு பக்கமும் மூடி போட்டால் ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். நீளக் கோலுக்கு அது நல்ல வழி, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பனித் தூண்டிலுக்கு அதில் இரண்டு சிக்கல். ரீலைக் கழற்றினால்தான் குழாய்க்குள் நுழையும். பல பனிக் கோல்களில் ரீலைப் பிடியோடு டேப் சுற்றித்தான் கட்டியிருப்பார்கள், ஒவ்வொரு முறையும் பிரித்துக் கட்டுவது உறைபனியில் வெறுங்கையால் ஆகிற காரியமில்லை. அடுத்து, கடுங்குளிரில் பிவிசியே நொறுங்கும் தன்மை அடையும். மலிவு பிளாஸ்டிக் பெட்டியின் கீலும் அப்படித்தான். ஆனாலும் கோடையில் சும்மா வைத்திருக்கக் குழாய் போதும், உள்ளே பழைய கம்பளித் துணியைச் சுற்றி.

பெட்டிக்குள் வைக்கும்முன் முள்ளைக் கழற்றிவிட வேண்டும். சோம்பல்பட்டு, முள்ளை ஒரு வளையத்தில் மாட்டி நரம்பை முறுக்கி இறுக்கி வைப்பார்கள். முள் வளையத்தின் பீங்கானைத் தட்டும், இறுக்கிய நரம்பு நுனியை வளைத்தே வைத்திருக்கும். மாதக்கணக்கில் வளைந்து கிடந்தால் நுனி அந்த வளைவையே பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பிச் சுருளும் ஒரு முறை கோணினால் பிறகு நிமிராது. கழற்றித் தனி டப்பாவில் போடலாம். பனி துளைக்கும் கருவியை, அதன் அலகுகளுக்கு உறை போட்டிருந்தாலும், கோல் பெட்டியின் மேல் வைக்கவே கூடாது. கூடாரத்துக்குள் கேஸ் அடுப்புப் பக்கத்தில் கோலைச் சாய்த்து வைத்தால் முதலில் நரம்பு உருகும், பிறகு பிசின் இளகும். இவையெல்லாம் அவருக்கே தெரிந்திருக்கும்.

அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. மைனஸ் 20 பாகையில் கிடந்த பெட்டியைக் கதகதப்பான வீட்டுக்குள் கொண்டுவந்து, களைப்பில் மூடியபடியே ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். உள்ளே ஒட்டியிருந்த பனி உருகும். வீட்டுக் காற்றிலுள்ள ஈரமும் குளிர்ந்த கோலின்மேல் முத்து முத்தாகப் படியும். ஸ்பாஞ்ச் அத்தனையும் குடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் திறந்தால் வளையத்தின் உலோகச் சட்டத்தில் துரு, கார்க் பிடியில் பூஞ்சணம். காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த உங்களுக்கு ஈரத்தின் வேலை புதிதல்ல. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, கோல்களை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, இரவு முழுக்கப் பெட்டியும் கோலும் திறந்தபடியே காய வேண்டும். ஹீட்டர் மேல் வைக்க வேண்டாம், அறைச் சூடு போதும். மறுநாள் ஒவ்வொன்றாக உள்ளே வைக்கட்டும்.

பனி இளகிய பிறகு அடுத்த டிசம்பர் வரை இவற்றுக்கு வேலையில்லை. பழைய நரம்பை வெட்டி எறிந்துவிடலாம்; நைலான் சுருளில் நாட்பட்டுக் கிடந்தால் சுருள் வடிவமே அதற்குப் பழகிப்போகும், இறக்கும்போது தண்ணீருக்குள் நேராகத் தொங்காது. ரீலின் இழுவைத் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வட்டத் தகடுகள் அழுந்திப்போகும். கோலைச் சுவரில் சாய்க்கக் கூடாது, அதன் எடையாலேயே வளையும். நம் பக்கத்தில் மூங்கில் தூண்டிலைத் தாழ்வாரத்தின் கீழ் இரண்டு மூன்று ஆணிகளில் படுக்கையாகத் தாங்கி வைப்பார்கள். அதுவே இதற்கும் சரி. காரேஜில் வேண்டாம். டொரன்டோவிலும் ஜூலையில் மூடிய காரேஜ் நன்றாகவே காயும். அடித்தளத்தில் வைப்பதானால் ஈரம் இல்லாத சுவராகப் பார்க்கட்டும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாராம். இரண்டரை அடிக் கோல் பெரிய சூட்கேஸில் மூலைவாட்டாக அடங்கும். இரண்டு பக்கமும் வேட்டி, போர்வை. நுனிக்கு மட்டும் ஒரு கெட்டி அட்டைக் குழாய். முள்கள் தனி டப்பாவில், அந்த டப்பாவும் கைப்பைக்குள் போகாமல் இதே சூட்கேஸில். திரும்பிப் போகும்போது நீங்களே கட்டிக் கொடுங்கள், எனக்குக் கவலையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உறைந்த ஏரியின் மேல் நடந்துபோகக் கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் பனிக்கட்டித் தடிமன் குறைந்தது 15 செ.மீ., ஸ்னோமொபீல் ஓட்ட 25 செ.மீ. பருவத்தின் தொடக்கத்திலும் மார்ச் மாதத்திலும் இடத்துக்கு இடம் அது மாறும். ஏரியில் இறங்குவதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவு இல்லையென்றால் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்