சுரங்கத்தில் உறங்கிய நகரம்

1940 செப்டம்பர் 7 அன்று இலண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் தொடங்கிய தொடர் குண்டுவீச்சு, மறு ஆண்டு மே வரை நீடித்தது. மக்கள் சுரங்க இரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்தனர். நடைமேடைகளில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கிப் படுத்தனர்; தொடக்கத்தில் போதிய கழிப்பறைகள்கூட இல்லை. குண்டுக்குத் தப்பியோர் கொள்ளைநோய்க்கு இரையாவரோ என்னும் அச்சம் எழுந்தது. ஹார்டர் பிரபு தலைமையிலான குழு நிலைமையை ஆராய்ந்தது. பின்னர் அடுக்குப் படுக்கைகளும் கழிப்பறைகளும் முதலுதவி இடங்களும் அமைந்தன. அஞ்சிய கொள்ளைநோய் வரவில்லை.

மேலே, இருண்ட தெருக்களில் வான்தாக்குதல் காப்பாளர்கள் சுற்றிவந்தனர். பெரும்பாலோர் பகலில் வேறு தொழில் செய்த தன்னார்வலர்கள், பெண்களும் பலர். போர்முனையை மட்டுமே வீரமென எண்ணுவோருக்கு இது சிறுபணியாகத் தோன்றலாம். எந்த வீட்டில் எவர், எங்கு உறங்குவார் என்பதை அவர்கள் அறிந்துவைத்திருந்தனர். வீடு இடிந்து வீழ்ந்தபோது, மீட்புக் குழுவினர் எவ்விடத்தில் தோண்டவேண்டும் என்பதை அவர்களே காட்டினர்.