மேல்சித்தாமூர் வீட்டுக் குப்பை: பிரிப்பது முதல் போய்ச் சேர்வது வரை

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள மேல்சித்தாமூரில் ஒரு வீட்டின் ஒருநாள் குப்பையைத் தரையில் பரப்பினால் என்ன இருக்கும்? காய்கறித் தோல், மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலை ஓடு), வாசலில் கூட்டிய வேப்பஞ்சருகு, மிஞ்சிய சோறு. இடையிடையே இரண்டு பால் கவர், ஒரு சிப்ஸ் பாக்கெட், நாலைந்து ஷாம்பு பாக்கெட். எடையில் பெரும்பங்கு மண்ணுக்கே போகக்கூடியது. தொல்லையெல்லாம் அந்தக் கடைசிக் கைப்பிடியில்தான்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். எது மறுசுழற்சிக்குப் போகும் என்பதைக் காயலான் கடைக்காரரின் தராசுதான் முடிவு செய்கிறது. அவர் காசு கொடுத்து எடுப்பது ஆலைக்குப் போய்ச் சேரும். வேண்டாம் என்று தள்ளுவது, அடியில் முக்கோணக் குறி அச்சிட்டிருந்தாலும், பெரும்பாலும் ஏரிக்கரையோடு நின்றுவிடும். 2015 வரை உலகம் முழுக்கச் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி ஆனது ஏறக்குறைய 9 சதவீதம்தான்.

படி 1: மூன்று பாத்திரம்

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்குவது, மக்காதது, ஆபத்தானது. இதற்காகக் கடைக்குப் போய்ப் பச்சைக்கூடை, நீலக்கூடை வாங்க வேண்டாம். ஈரக் குப்பைக்கு மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி, உலர்ந்ததற்கு ஆணியில் மாட்டிய உரச்சாக்கு, ஆபத்தானதற்குப் பிள்ளைகள் கைக்கு எட்டாத ஒரு டின். இது போதும்.

படி 2: எருக்குழி

நகரத்துக்காரர்கள் மாடியில் பானை அடுக்கிப் படும் பாடு நமக்கில்லை. கொல்லைப்புறம் இருக்கிறது, சாணம் கிடைக்கிறது. கிணற்றுக்கும் கைபம்புக்கும் தள்ளி, மர நிழலில் இரண்டு குழி வெட்டுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி இருக்கலாம். ஒன்று நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதுக்கு மாறலாம்.

அடியில் குச்சியும் காய்ந்த இலையும் ஒரு சாண் உயரம் போடுங்கள். அதன்மேல் அன்றைய சமையல் கழிவு. அது மறையும்படி சருகோ மல்லாட்டைத் தோலோ ஒரு அடுக்கு. மல்லாட்டைத் தோல் முழுசாகக் கிடந்தால் மக்க நாளாகும். காலால் நொறுக்கிப் போடுவது நல்லது. வாரம் ஒருமுறை சாணக் கரைசல் தெளியுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால், நாற்றம் வந்தால், சருகு போதவில்லை என்று அர்த்தம். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே ஓலைத் தட்டி போட்டுவிடுங்கள். குழியில் தண்ணீர் தேங்கினால் அத்தனையும் அழுகி வீணாகும். மூடிய குழி மூன்று மாதத்தில் கறுத்து உதிரும். கிளறினால் மழை பெய்த மண்வாசம் வரும். அதுவே எரு.

எலும்பும் மீன் முள்ளும் போட்டால் நாய் கிளறும். புலால் உண்ணாத சமணர்களான இவ்வூர் நயினார் வீடுகளில் அந்தத் தொல்லைக்கு வழியே இல்லை.

படி 3: தராசு ஏறுபவை

பால் கவரில் தொடங்குவோம். கத்தரியால் மூலையைத் துண்டாக நறுக்காதீர்கள். அந்தச் சுண்டுவிரல் நகமளவு துண்டை யாரும் பொறுக்குவதில்லை. சாக்கடைக்கோ மாட்டின் வயிற்றுக்கோ போகும். கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டினால் போதும். காலி கவரை அரிசி களைந்த தண்ணீரில் அலசி, கொடியில் கவிழ்த்துக் காயவிட்டு, சாக்கில் சேருங்கள். அலசாத கவர் புளித்து நாறினால் விலை குறையும், சில சமயம் கடைக்காரர் வாங்கவே மாட்டார். வாங்கியது துண்டாக்கப்பட்டு, கழுவி, உருக்கி, குருணையாகும். குருணையிலிருந்து குப்பைப் பையும் குழாயும் வரும். அது மறுபடி பால் கவராகத் திரும்பி வருவதில்லை.

தண்ணீர் பாட்டில் கொஞ்சம் உயர்ந்த சாதி. நசுக்கி, மூடியைத் தனியே எடுத்துக் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். பாட்டிலைச் சீவலாக்கி உருக்கி பாலியஸ்டர் இழை எடுக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேலங்கியின் துணி, பாட்டிலிலிருந்து கரூர் நிறுவனம் ஒன்று தயாரித்தது.

அட்டை, செய்தித்தாள் நனையாமல் இருக்க வேண்டும். பஜ்ஜி எண்ணெய் குடித்த தாள் எருக்குழிக்கு. அலுமினியத்தை உருக்கி மறுபடி எடுக்க, தாதுவிலிருந்து எடுப்பதைவிட 95 சதவீதம் குறைந்த ஆற்றல் போதும். அதனால்தான் நெளிந்த அலுமினியக் குண்டானுக்கும் நல்ல விலை.

படி 4: யாரும் வாங்காதவை

சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட், மசாலாத்தூள் உறை. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் பல அடுக்காக ஒட்டிக் கிடப்பதால் பிரித்தெடுக்க முடியாது. இவற்றுக்கு இன்று பெரும்பாலும் இரண்டே போக்கிடம். ஒன்று, அரைத்துத் தாரோடு கலந்து சாலை போடுவது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் கண்ட முறை, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மற்றது, அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் சூளைகளில் எரிபொருளாவது. ஏரியில் கிடப்பதைவிட இரண்டும் மேல். ஆனால் ஒன்று புதைப்பது, மற்றது எரிப்பது. இவற்றை மறுசுழற்சி என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

வீட்டில் செய்யக்கூடியது வாங்குவதைக் குறைப்பதுதான். பத்து ஷாம்பு பாக்கெட்டுக்குப் பதில் ஒரு பாட்டில். செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போகும்போது ஒரு துணிப்பை. பிளாஸ்டிக் கேரி பேக் உட்பட 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம். இருந்தும் பூக்கடையில் கவர் தொங்குகிறது. வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை தொங்கும்.

படி 5: கொளுத்தாதீர்கள்

சாயங்காலம் வாசல் குப்பையைக் கூட்டித் தீ வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பி.வி.சி. கலந்து எரிந்தால் டையாக்சின் கிளம்பும். அது புற்றுநோய்க்கு வழிவகுக்கும் நச்சு. பூச்சிக்குக்கூடத் துன்பம் நேரக் கூடாதென்று பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் சமணர்களின் மடம் இருக்கும் ஊர் இது. சருகுக் குவியலில் எத்தனை உயிர் இருக்கும் என்று இங்கே யாரும் விளக்கத் தேவையில்லை.

படி 6: மூன்றாவது டின்

பேட்டரி, பாதரசம் உள்ள குழல்விளக்கு, காலாவதி மாத்திரை, பிளேடு, பூச்சிமருந்து டப்பா இதில். மருந்து டப்பாவை எக்காரணம் கொண்டும் கழுவிப் புழங்காதீர்கள். நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் குறியிட்டுத் தனியே கொடுங்கள். ஏனென்றால் அடுத்து அதைத் தொடப்போவது ஊராட்சியின் தூய்மைக் காவலர். நாம் கலந்து கொடுத்தால் அவர் கையால்தான் கிளற வேண்டும்.

கடைசியாக, கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். நம் ஊரில் சேரும் பிளாஸ்டிக் எந்த அரவை நிலையத்துக்குப் போகிறது, எத்தனை கிலோ போனது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.