ஒயர் இல்லாத கீபோர்டு, மவுஸ்: வாங்கலாமா, வேண்டாமா?



இரும்புலியூர் கூட்டத்தில் ஒரு ஊக்குநர் கேட்டார்: "மேடம், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒயர் இல்லாத கீபோர்டு, மவுஸ் வாங்கிடலாமா? பார்க்க நல்லா இருக்கே!" வாங்கப் போவது நமது பொதுப் பணத்தில். அதனால் நல்லது கெட்டது இரண்டையும் தெரிந்துகொண்டு தீர்மானம் போடுவோம்.

எப்படி வேலை செய்கிறது?
நகம் அளவு சின்ன ரிசீவரைக் கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். கீபோர்டும் மவுசும் அதனுடன் ரேடியோ அலையில் பேசும். சிலவற்றில் ரிசீவருக்குப் பதில் புளூடூத் இருக்கும்.

நன்மைகள்
* மேசையில் ஒயர் சிக்கல் இல்லை. காலில் தட்டாது, எலி கடிக்காது.
* பயிற்சி நடத்தும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தும் இயக்கலாம்.
* லேப்டாப்புடன் ஊர் ஊராக எடுத்துப் போக வசதி.

தீமைகள்
* விலை கூடுதல். பேட்டரிச் செலவு தனி. கணக்கு முடிக்கிற நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் வேலை நின்றுவிடும்.
* ரிசீவர் தொலைந்தால் பெரும்பாலும் வேறு கம்பெனி ரிசீவர் சேராது. கீபோர்டு நன்றாக இருந்தும் பயன் இல்லை.
* பல நாள் பூட்டி வைத்தால் பேட்டரி கசிந்து உள்ளே அரித்துவிடும். கழற்றி வைக்கணும்.

முக்கியமான எச்சரிக்கை
2016-ல் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனம் ஒரு சோதனை செய்தது. 8 கம்பெனிகளின் மலிவான, புளூடூத் அல்லாத கீபோர்டுகள் நாம் அடிக்கும் எழுத்துகளை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்பின. சுமார் 250 அடி தூரத்தில் இருந்தே ஒருவர் அவற்றைப் படிக்க முடிந்தது. நம் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டும் அப்படிப் போனால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்! ஒயர் இல்லாத கீபோர்டு வாங்கினால் பெட்டியில் 'என்கிரிப்ஷன்' உள்ளதா என்று பாருங்கள்.

தமிழில் அடிக்க?
எதிலும் வித்தியாசம் இல்லை. 1999-ல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 முறை இரண்டிலும் ஒன்றுபோலத்தான் வேலை செய்யும்.

என் யோசனை
ஒரே இடத்தில் இருக்கும் கணக்குக் கம்ப்யூட்டருக்கு ஒயர் உள்ளதே போதும். ஊர் ஊராகப் போகும் லேப்டாப்புக்கு ஒயர் இல்லாத மவுஸ் மட்டும் வாங்கலாம். ரிசீவருக்குப் பொறுப்பாளர் ஒருவரைப் போடுங்கள். வாரண்டி சீட்டையும் பில்லையும் கணக்குப் புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

குழுவில் பேச:
1. நம் கம்ப்யூட்டர் ஒரே இடத்தில் இருக்கிறதா, வெளியே போகிறதா?
2. அதில் வங்கி வேலை செய்கிறோமா?