மறந்ததா, மறுக்கப்பட்டதா?

கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். எனக்கு வந்த போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "சார், மெயில் மறுபடி பாஸ்வேர்டு கேக்குது." சேமித்துவை என்று டிக் போட்டிருப்பார்கள். நேற்றும் போட்டார்கள், முந்தாநாளும் போட்டார்கள். இன்று காலை மறுபடி அதே பெட்டி. பார்க்கச் சின்னக் கோளாறுதான். ஆனால் அன்றைக்கு அந்த ஆபீஸில் வேலை நடக்காது. இதைச் சரிபார்க்கப் போகும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. போனவுடன் கீபோர்டில் கை வைக்காதீர்கள். முதலில் திரையில் இருப்பதைப் படியுங்கள். எந்தக் கணக்குக்கு, எந்த சர்வருக்குக் கேட்கிறது என்று அந்தப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். ஐமேப் என்றோ பாப் என்றோ தொடங்கினால் மெயில் உள்ளே வரும் வழி. எஸ்.எம்.டி.பி. என்றால் வெளியே போகும் வழி. தண்டர்பேர்ட் மெயில் புரோகிராமில் சில சமயம் மூன்று பொத்தான்களோடு ஒரு அறிவிப்பு வரும்: மீண்டும் முயல், புதிய பாஸ்வேர்டு கொடு, ரத்து. பதறிப்போய் எல்லோரும் நடுப்பொத்தானை அழுத்துவார்கள். நீங்கள் முதலில் 'மீண்டும் முயல்' என்பதை அழுத்திப் பாருங்கள். நெட் ஒரு நிமிடம் தடுமாறியதுதான் காரணம் என்றால் அதிலேயே சரியாகிவிடும். தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தால் சர்வர் கணக்கையே கொஞ்ச நேரம் பூட்டிவைக்கலாம். அப்புறம் சரியான பாஸ்வேர்டும் செல்லாது.

2. மறந்ததா, மறுக்கப்பட்டதா என்று பிரித்துப் பாருங்கள். இதுதான் முக்கியம். இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தண்டர்பேர்டில் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் சேமித்த பாஸ்வேர்டு பட்டியலைத் திறங்கள். அந்தக் கணக்கு அதில் இருக்கிறதா? இருந்தால் புரோகிராம் எதையும் மறக்கவில்லை. ஞாபகமாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது, சர்வர்தான் வாங்க மாட்டேன் என்றிருக்கிறது. சாவி பையில் பத்திரமாக இருக்கிறது, பூட்டைத்தான் மாற்றிவிட்டார்கள். பட்டியலில் இல்லையென்றால்தான் மறதி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பட்டியலைப் பார்க்கும்போது, பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் கணக்கு என்றால் இரண்டு வரிகள் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. "மெயில் வருது சார், அனுப்பும்போது மட்டும் கேக்குது" என்று சொன்னால் இரண்டாவது வரி இருக்காது, அல்லது அதில் பழைய பாஸ்வேர்டு இருக்கும். இன்னொன்று, சேமிப்பது சர்வர் பெயரோடு சேர்த்துத்தான். கம்பெனி தன் மெயில் சர்வர் பெயரை மாற்றினால் பழைய வரி இருந்தும் பயனில்லை.

3. பூட்டு எப்போது மாறியது என்று தெரிந்து வைத்திருங்கள். கூகுள் 2022 மே 30 முதல், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஜிமெயிலுக்குள் நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 அன்று நிறுத்தியது. அன்றுவரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர்கள்கூடப் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்தன. சரியான பாஸ்வேர்டைப் போட்டும் கேட்டன. புரோகிராமை அழித்துப் புதிதாகப் போட்டும் பலன் இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியது: சர்வர் செட்டிங்ஸில் 'ஆத்தென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தை ஓஆத்2 என்று மாற்ற வேண்டும். வரும் வழி, போகும் வழி இரண்டிலும் மாற்ற வேண்டும். சேமித்து வைத்திருக்கும் பழைய வரிகளை அழித்துவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறந்தால் கூகுளின் லாகின் ஜன்னல் வரும். அந்த ஜன்னல் வேலை செய்யத் தண்டர்பேர்டில் குக்கீஸ் அனுமதி இருக்க வேண்டும். யாராவது பாதுகாப்பு என்று நினைத்து அதை அணைத்து வைத்திருப்பார்கள். ஓஆத் தெரியாத பழைய புரோகிராமோடு ஜிமெயிலை இணைக்க 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு இருக்கிறது. ஆனால் கூகுள் பாஸ்வேர்டை மாற்றிய அன்றே அது செல்லாமல் போய்விடும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

4. 'எப்போது கேட்கிறது?' என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ். ஜூலை கடைசி வாரம், கணக்குத் தாக்கல் நெருக்கடி. மெயில் பார்க்கும் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேஜை முழுக்க ரப்பர் பேண்டு போட்ட ஃபைல்கள். "சாயங்காலம் மூடும்போது நல்லாத்தாங்க இருந்துச்சு. காலையில வந்து தொறந்தா கேக்குது" என்றார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. தண்டர்பேர்டை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுநாளும் வந்து புது ப்ரொஃபைல் உருவாக்கினேன். மூன்றாம் நாள் காலை அதே போன்.

அன்றைக்குத்தான் அவர் சொன்னதை யோசித்தேன். பகலெல்லாம் நினைவிருக்கிறது, இரவில் போய்விடுகிறது. அப்படியென்றால் இரவில் ஏதோ நடக்கிறது. தேடினால், கம்ப்யூட்டரை வேகப்படுத்த யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு 'க்ளீனர்' புரோகிராம், கணினியை அணைக்கும்போதெல்லாம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் 'சேமித்த பாஸ்வேர்டுகள்' என்ற கட்டத்தில் டிக். எடுத்தேன், அதோடு தீர்ந்தது. அந்த அம்மா முதல் நாளே விடையைச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவர் வேலை கெட்டதற்கு நான்தான் காரணம்.

5. தண்டர்பேர்ட் பாஸ்வேர்டுகளை இரண்டு ஃபைல்களில் வைக்கிறது. லாகின்ஸ்.ஜேசன் என்பதில் பூட்டிய பாஸ்வேர்டுகள், கீ4.டிபி என்பதில் அவற்றைத் திறக்கும் சாவி. ஹெல்ப் மெனுவில் 'ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' வழியாகப் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்தால் இரண்டும் கண்ணில் படும். புது கணினிக்கு மாற்றும்போது பலர் ஒன்றை மட்டும் எடுத்துப் போகிறார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனே இல்லை. தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு இரண்டையும் சேர்த்து நகலெடுங்கள். ஃபைல் கெட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் அழிக்காதீர்கள். பெயரை மாற்றி அங்கேயே வையுங்கள், தண்டர்பேர்ட் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், எழுத இடமில்லாவிட்டால் எதையும் சேமிக்க முடியாது.

6. அவுட்லுக் என்றால் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரைப் பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் இருக்கும். பழைய வரிகளை நீக்கிவிட்டு ஒருமுறை புதிதாகப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் கோளாறு விண்டோஸிலேயே இருக்கலாம். 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில் அவுட்லுக், குரோம் எல்லாமே பாஸ்வேர்டுகளை மறந்தன. டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த ஒருவகை வேலைகள்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. 2021 தொடக்கத்தில் அப்டேட் மூலம் திருத்தினார்கள். அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்கள் அதன் பிறகும் அவதிப்பட்டார்கள்.

ஒன்றை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டை வாடிக்கையாளர் மறந்துவிட்டால், அட்மின் கணக்கு வழியாக ரீசெட் செய்துவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் விண்டோஸ் தன்னிடம் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை அந்த லாகின் பாஸ்வேர்டை வைத்துத்தான் பூட்டியிருக்கிறது. அவரே பழையதைப் போட்டுப் புதியதாக மாற்றினால் எல்லாம் கூடவே வரும். அந்தக் கணினியிலேயே இருக்கும் கணக்கை நாம் வெளியிலிருந்து ரீசெட் செய்தால் சேமித்தது திறக்காமல் போகலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

7. ஒரே ஜிமெயில் கணக்கைப் பல கணினிகளில் திறந்து வைத்திருக்கிறார்களா? தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு 5 இணைப்புகள் வரை எடுத்துக்கொள்ளும். ஜிமெயில் மொத்தம் 15 தான் தரும். மூன்று கணினியிலேயே நிறைந்துவிடும், நான்காவதுக்கு மறுப்பு. இணைப்பு எண்ணிக்கையை 2 ஆகக் குறைத்தால் போதும்.

8. பாஸ்வேர்டு அவர்களுடையது. அவர்கள் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். "சொல்லுங்க சார், நானே அடிச்சிடறேன்" என்ற பழக்கம் வேண்டாம். உங்கள் நோட்டில் எழுதி வைக்கவே வேண்டாம். தண்டர்பேர்டில் பிரைமரி பாஸ்வேர்டு போடாத கணினியிலிருந்து, ஐந்தில் சொன்ன அந்த இரண்டு ஃபைல்களையும் எடுத்துப்போகிறவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம். அதனால் பிரைமரி பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். திறக்கும்போது அதைக் கேட்கும் பெட்டியை ரத்து செய்தால் மெயில் பாஸ்வேர்டைத் தனித்தனியாகக் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே 'மறுபடி மறந்துடுச்சு' என்று போன் வரும்.

9. கிளம்பும் முன் அவர் கையாலேயே ஒரு மெயில் அனுப்ப வையுங்கள், ஒன்று வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கணினியை அணைத்து மறுபடி போட்டு, இன்னொரு முறை. மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு அவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே போன் செய்து கேளுங்கள்.